முன்வாசலின் ஐந்து பங்கு

வீட்டின் முன்புறத்தில் மேடை கட்டுவதும் தளம் போட்டுக் கூரை இறக்குவதும் வழக்கமாகப் பணக்கணக்கில்தான் தொடங்கும். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, சதுர அடிக்கு என்ன விலை என்று பேச்சு போகும். தமிழர் அறநூல்களும் சமயக் கதைகளும் இதே இடத்தைப் பற்றி வேறொரு கேள்வியை முதலில் எழுப்புகின்றன. தெருவும் வீடும் சந்திக்கும் அந்த நிலம் யாருடைய உபயோகத்துக்கு? பத்திரத்தில் பெயர் இருப்பவருக்கு மட்டுமா, வந்துபோகிறவர்களுக்கும் அதில் பாத்தியம் உண்டா? இதற்கு என்ன விடை சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் திட்டமும் செலவும் அமைகின்றன.

மலேசியாவின் கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையில் உள்ள பண்டமாரான் இந்தக் கேள்வியை நேரில் பார்க்கத் தோதான ஊர். 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில், பிரிக்ஸ் மீள்குடியேற்றத் திட்டப்படி சீனக் குடும்பங்களைக் குடியேற்றிய பெரிய புதுக்கிராமங்களில் இதுவும் ஒன்று. பின்னால் சுற்றிலும் தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. தோட்டங்களை விட்டு வந்தவர்களும் துறைமுக வேலைக்காரர்களும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். இன்று ஒரே வரிசையில் ஒரு வீட்டு முகப்பில் மாவிலைத் தோரணமும் துளசி மாடமும் இருக்கும். அடுத்த வீட்டுத் தூணில் வானத்துத் தெய்வமான தீ கோங்குக்குச் சிவப்புப் பீடமும் ஊதுவத்திக் கிண்ணமும் இருக்கும். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு அந்த வீட்டில் கரும்பு கட்டுவார்கள். பொங்கலுக்கு இந்த வீட்டிலும் கரும்பு கட்டுவார்கள். இரண்டுமே நடப்பது கார் நிறுத்தும் அதே போர்ச்சில்தான்.

இந்த இடத்தின் மூதாதை திண்ணை. தமிழகத்துப் பழைய வீடுகளில் திண்ணை கதவுக்கு வெளியே இருந்தது. உள்ளே நுழைய அனுமதி வேண்டும். திண்ணையில் உட்கார யாரையும் கேட்கத் தேவையில்லை என்பது பொதுவழக்கு. யாத்திரை போகிறவர் இரவு அங்கே படுத்தார். ஆசிரியர் அங்கேயே பள்ளிக்கூடம் நடத்தினார். யாருக்கும் பொதுவானதுபோல் சொன்னாலும், சாதி பார்த்தே அந்த இடம் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திண்ணையை முழுமையான சமத்துவ மேடையாகப் பாடிவைப்பது பிற்காலத்து ஏக்கம். என்றாலும், கட்டடச் செலவில் ஒரு பகுதியை முன்பின் தெரியாதவருக்காக எடுத்துவைப்பது இயல்பான காரியம் என்ற எண்ணம் அதில் இருந்தது. மலாயாவின் கடைத்தெருக்களில் இதே எண்ணம் சட்டமாகவே வந்தது. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் தொடர்ச்சியான கூரையிட்ட நடைவழி வேண்டும் என்றது. தமிழர் அதை அஞ்சடி என்றார்கள். கடைக்காரர் செலவில் கட்டப்பட்ட அந்த வழியில் நடந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

முன்வாசலைப் பற்றிய மிக நுட்பமான சமயச் சிந்தனை வைணவ மரபில் இருக்கிறது. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது வெளிவாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான இடத்தில், படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். பிறகு நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார், அவர் பெருமாள் என்கிறது குருபரம்பரைக் கதை. மூன்று திருவந்தாதிகளும் அந்த நெருக்கத்தில் பிறந்தவை. வேதாந்த தேசிகர் அவ்வூர்ப் பெருமாள் மீது பாடிய தோத்திரத்துக்குத் தேஹளீச ஸ்துதி என்று பெயர். வாசற்படிக்கு உரியவர் என்ற பொருளில் தெய்வமே அங்கு அழைக்கப்படுகிறது. கிள்ளானிலும் சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருப்பதால், ஆழ்வார்கள் இங்குள்ளவர்களுக்குப் பழக்கமானவர்கள்.

இந்தக் கதையைக் கட்டுமானக் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். இடைகழியின் நீள அகலம் கதையில் எங்கும் சொல்லப்படவில்லை. எத்தனை பேர், எந்த நிலையில் என்பதே அதன் அளவு. படுத்திருந்தவர் எழுந்ததால் இடம் பெருகியது. ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கப்படவில்லை. போர்ச்சை நீட்டத் திட்டமிடும் குடும்பம் அளவு நாடாவை எடுப்பதற்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. தினமும் அங்கே உட்காரப்போவது எத்தனை பேர், தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வருவது எத்தனை பேர், சாவு வீடானால் நாற்காலி போட எவ்வளவு இடம் வேண்டும்? கடைசி இரண்டும் வருடத்தில் ஓரிரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அவற்றுக்காக நிரந்தரக் கூரை போடுவதைவிடப் பந்தலை வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் மலிவு.

செலவைப் பங்கிடுவதற்குத் திருக்குறள் ஒரு சட்டகத்தைத் தருகிறது. இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தான் பேண வேண்டிய ஐந்து தரப்பாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் ஆகியவை வரிசையாக வருகின்றன. பரிமேலழகர் இதற்கு எழுதிய உரையில் ஒரு சுவையான வரவுசெலவுக் கணக்கு உண்டு. அரசன் விளைச்சலில் ஆறில் ஒன்றை மட்டும் வரியாகக் கொள்வது ஏன் என்றால், மீதி ஐந்து பங்கும் இந்த ஐவருக்கு வேண்டியிருப்பதால் என்கிறார். வடமொழித் தர்ம சாத்திரங்களிலும் இல்லறத்தானுக்கு ஐந்து வேள்விகள் உண்டு. வேதம், தேவர், பிதுர்க்கள், மனிதர், பிற உயிர்கள் என்பது அந்தப் பட்டியல். அங்கே ‘தான்’ தனித் தலைப்பாக இல்லை. குறள் தன்னையும் ஒரு பங்குதாரராகச் சேர்க்கிறது, ஆனால் ஐந்தாவதாக வைக்கிறது. தனக்குச் செலவு செய்வதைக் குறள் பாவமாக்கவில்லை. வரிசையை மட்டும் கவனிக்கச் சொல்கிறது.

பண்டமாரானின் ஒரு சாதாரண வரிசை வீட்டில் இந்த வரிசை என்ன ஆகிறது என்பதை அளந்தே பார்க்கலாம். முன்புறம் 20 அடிக்கு 20 அடி, மொத்தம் 400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்து இறங்க வசதியோடு ஒரு காருக்கு 8 அடிக்கு 16 அடி, அதாவது 128 சதுர அடி வேண்டும். இரண்டு கார் நின்றால் 256 சதுர அடி போய்விடும். நூற்றுக்கு 64 பங்கு. காலணி அலமாரி, துணி காயவைக்கும் கம்பி, எரிவாயு உருளை எல்லாம் வந்தபின் மீதி நால்வருக்கும் ஒரு ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சும். குறளில் ஐந்தாவதாக நின்றவர் இங்கே முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். கார் இல்லாமல் கிள்ளானில் பிழைப்பு நடத்த முடியாது என்பது உண்மையே. அதனால் காரைத் தள்ளிவிட்டுத் திட்டம் போடுவது பாசாங்கு. ஆனால் இரண்டாவது கார் கூரைக்குள் நிற்க வேண்டுமா, வெயிலில் நிற்கலாமா என்பதை யோசிக்கலாம்.

மற்ற நால்வரின் தேவை பெரும்பாலும் சிறியது, ஆனால் திட்டத்திலேயே இடம்பெறாவிட்டால் பிறகு நுழைக்க முடியாதது. அமாவாசைச் சோற்றைக் காக்கைக்கு வைக்க, கூரைக்கு வெளியே மதில்மேல் ஒரு சாண் அகலத்தில் தட்டையான இடம் போதும். முன்புறம் முழுவதையும் பாலிகார்பனேட் தகட்டால் மூடிவிட்ட வீடுகளில் காக்கை வருவதில்லை. சோறு தெருவோரத்துக்குப் போகிறது. பொங்கலுக்குச் சூரியன் தெரிய வேண்டும், அடுப்புப் புகை வெளியேற வேண்டும். வாயிற்கதவை ஒட்டி 4 அடி அகலத்தைக் கூரையில்லாமல் விட்டால் 80 சதுர அடி கிடைக்கும். பொங்கல் பானையும் துளசி மாடமும் கோலமும் அங்கேயே அடங்கும். அந்தப் பட்டையில் பாதியைச் சிமெண்ட் போடாமல் மண்ணாக விட்டால் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வளரும். வேப்பங்கன்றை ஆசையாக நட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து வேர் கால்வாயைப் பிளக்கும்போது வெட்டவும் மனமின்றி வைக்கவும் வழியின்றித் தவிப்பது பல வீடுகளில் நடக்கிறது. தெய்வமரத்தை நடுவதற்குமுன் அது எவ்வளவு பருக்கும் என்று கேட்பது பக்திக்குக் குறைவாகாது.

திட்டமிடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் வாஸ்துவுக்குப் போகிறார்கள். சிற்ப நூல்களின் அளவுக் கணக்குக்கு ஆயாதி என்று பெயர். அதன் ஆறு கூறுகளில் முதல் இரண்டு ஆயம், வியயம், அதாவது வரவும் செலவும். மானசாரம் சொல்லும் முறைப்படி நீளத்தை 8ஆல் பெருக்கி 12ஆல் வகுத்த மீதி வரவு. அகலத்தை 9ஆல் பெருக்கி 10ஆல் வகுத்த மீதி செலவு. வரவு செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நீளம் 20, அகலம் 16 என்றால் 160இல் மீதி 4, 144இல் மீதி 4. இரண்டும் சமம், தேறாது. நீளத்தை 22 ஆக்கினால் 176இல் மீதி 8, வரவு இரட்டிப்பாகிவிடும். கட்டடத்தின் அளவிலேயே வரவுசெலவை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தவர்களின் கற்பனை வியக்கத்தக்கது. ஆனால் அந்த இரண்டு அளவு கூடியதால் தரைக்கும் கூரைக்கும் கூடுதலாகப் பணம் போகும், வங்கியில் இருப்பு குறையும்; சாத்திரத்தின் வரவு கூடும்போது வீட்டுக்காரரின் கையிருப்பு இறங்கும். தவிர, தாமான் வீட்டின் திசையையும் அகலத்தையும் மேம்பாட்டு நிறுவனம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. எதிரெதிரே இரண்டு வரிசை இருக்கும் தெருவில் ஒன்று கிழக்கு பார்த்தால் மற்றது மேற்கு பார்த்தே தீரும். பாதித் தெரு கெட்டுப்போகும் என்று சொல்லும் சாத்திரத்தை அந்தப் பாதியில் வாழ்கிறவர்கள் எப்படி ஏற்பார்கள்? அவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொடுத்து நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கிள்ளானில் மெய்யாகவே கணக்கில் எடுக்க வேண்டிய திசை கீழ்த்திசை, அதாவது காலுக்குக் கீழே. இந்தக் கரையோரச் சமவெளி மென்மையான கடற்களிமண். வீட்டை பைல் அடித்துத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். போர்ச்சுத் தரை பெரும்பாலும் மண்மேல் சும்மா கிடக்கும். 400 சதுர அடிக்கு 4 அங்குலக் கனத்தில் புதுத் தளம் போட்டால் 133 கன அடி கான்கிரீட், ஏறக்குறைய 9 டன் எடை. களிமண் அந்தச் சுமையில் மெல்ல அமுங்கும். வீடு நிற்கும், முன்புறம் இறங்கும், இரண்டுக்கும் நடுவில் விரிசல் விழும். பழைய சுவரோடு புதுத் தளத்தை இறுகக் கட்டாமல் இடைவெளி விட்டு, அதை நெகிழும் பசையால் அடைப்பது ஒரு வழி. கனமான கூரை வருமானால் தூண்களுக்கு அடியில் பைல் வேண்டும். முன்காலத்தில் சிறு கட்டடங்களுக்குப் பாக்காவ் என்னும் சதுப்புநில மரக்கட்டைகளை இறக்குவார்கள். கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பலகை மேடை போட்டால் எடை குறையும். செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்கள் மழையைத் தாங்கும், ஆனால் விலை அதிகம். மலிவான மரம் கரையானுக்கு விருந்தாகும். விருந்தோம்பலில் அது சேராது.

அடுத்தது தண்ணீர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் சாயங்கால மழை கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிசயமில்லை. 400 சதுர அடிக் கூரையில் அது ஏறக்குறைய 1,850 லிட்டர். துறைமுகத்தில் கடலின் பெரிய ஏற்றம் 5 மீட்டரைத் தாண்டும் நாட்களில் மழையும் சேர்ந்துகொண்டால், தாழ்ந்த இடங்களில் கால்வாய் நீர் கடலுக்குப் போக முடியாமல் தேங்கும். தளம் தெருவை நோக்கிச் சரிய வேண்டும். 80க்கு 1 என்ற சரிவில் 20 அடிக்கு 3 அங்குலம். அந்த 3 அங்குலத்தைக் குத்தகையாளர் மறந்தால், வீட்டுக்காரர் ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொள்வார். கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டு மதிலுக்குள் விழாதபடி பீலி வைக்க வேண்டும். தன் வாசலை உயர்த்தி அண்டைவீட்டுக்கு வெள்ளம் அனுப்புவது எந்த அறநூலும் ஒப்பாத காரியம். தெருவில் முதலில் மேடேற்றியவர் தப்பிப்பார், கடைசியில் மேடேற்றாதவர் நனைவார் என்பதால், இது ஒரு வீட்டின் முடிவாக இருக்க முடியாது.

பரிமேலழகர் ஆறில் ஒரு பங்கை அரசுக்கு ஒதுக்கியதுபோல இங்கும் அரசுக்குரியது உண்டு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 133இன்படி வீட்டைக் கூட்டிக் கட்ட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும்; கிள்ளானில் அது 2024 பிப்ரவரி முதல் அரச மாநகர் மன்றம். வரைபடம் வரைபவர் கூலி, அனுமதிக் கட்டணம், வைப்புத்தொகை ஆகியவை முதலிலேயே தாளில் ஏற வேண்டும். வாயிற்கதவுக்கு வெளியே உள்ள லோங்காங் என்னும் கால்வாயும் அதன்மேல் போடும் சரிவும் பொது நிலம். அதை மூடி ஓடு பதித்துப் பூந்தொட்டி வைத்தால் அழகாகத்தான் இருக்கும், அடைத்துக்கொண்டால் திறந்து வாரவும் முடியாது. சாமி மேடையைக் கால்வாய்க்கு மேல் தள்ளிக் கட்டுவது இன்னும் சிக்கலானது. பொது இடத்தில் தெய்வத்தை உட்கார்த்திவிட்டு, பிறகு அகற்றச் சொன்னால் சமய அவமதிப்பு என்று சண்டைக்குப் போவது தெய்வத்தைக் கேடயமாக்குவதாகும். சாமிக்குரிய பங்கு சொந்த மதிலுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டியது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் அறக்கேள்விதான். ஊழியர் சேமநிதி 2024 மே மாதம் முதல் புதுச் சந்தாவை 75, 15, 10 என்று மூன்று கணக்குகளாகப் பிரிக்கிறது. கடைசி 10 பங்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். போர்ச்சு ஓட்டுக்கு அந்தப் பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குறளின் ‘தான்’ என்பதில் அறுபது வயதுத் தானும் அடங்கும் என்று கொண்டால், இன்றைய தான் நாளைய தானிடம் கடன் வாங்கிக் கார் நிறுத்துகிறது. கடன் அட்டையில் போடுவது இன்னும் மோசம். விருந்தினருக்காக என்று சொல்லிக் கட்டிவிட்டு, தவணை கட்டுவதால் விருந்து வைக்கவே கையில் இல்லாமல் போகும் வீடுகள் உண்டு. வள்ளுவர் இதை ஊகித்தவர்போல், கொடையின் அளவை வலியறிதல் அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார். அரசனுக்குச் சொன்ன பகுதி அது. வரும் வழி சிறியதாக இருந்தாலும் போகும் வழி விரியாவிட்டால் கேடில்லை என்கிறார். இருப்பை எண்ணாமல் செய்யும் ஒப்புரவுகூடச் செல்வத்தைக் கெடுக்கும் என்றும் சேர்க்கிறார். விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வைத்தவர் அதற்கு எல்லையும் போட்டிருக்கிறார். ஆக, ‘விருந்தினருக்காக’ என்ற சொல் எந்தச் செலவையும் புனிதமாக்கிவிடாது.

நடைமுறையில் இந்தக் கணக்கை இப்படி வரிசைப்படுத்தலாம். கண்ணுக்குத் தெரியாதவை முதலில்: அனுமதி, அடித்தளம், சரிவு, வடிகால். இவற்றில் மிச்சம் பிடித்தால் பிற்பாடு இரட்டிப்பாகத் திரும்பும். அடுத்தது கூரை. ஓடும் விளக்கும் இரும்பு வேலைப்பாடும் கடைசி. கை குறைந்தால் ஓராண்டு தள்ளிப்போடக்கூடியவை அவை மட்டுமே. எதிர்பாராததற்காகப் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும். குத்தகையாளருக்கு வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுப்பதும், கடைசித் தவணையை ஒரு பெருமழைக்குப் பின் கொடுப்பதும் அனுபவஸ்தர் வழக்கம். மழை பெய்யாமல் சரிவைச் சோதிக்கக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாலும் போதும்.

கட்டிமுடிப்பதோடு செலவு முடிவதில்லை என்பதைச் சோழர் காலக் கோயில்கள் தெளிவாக உணர்ந்திருந்தன. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் என்ற கணக்கு வருகிறது. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். பிறப்பும் இறப்பும் ஈடாகி மந்தை குறையாமல் நிற்கும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினார்கள். விளக்குச் சட்டியைக் கொடுப்பது ஒரு நாள் காரியம். நெய்க்கு வழி செய்வதே தானம். வீட்டு முன்வாசலுக்கும் நெய்ச் செலவு உண்டு. மரத்தளத்துக்கு ஆண்டுதோறும் எண்ணெய், இரும்புக்குத் துருவெதிர்ப்புச் சாயம், பீலியில் சேரும் இலைகளை நவம்பர் மழைக்கு முன் வாருதல், சாமி மேடைக்குத் தினசரி எண்ணெய்யும் பூவும். கட்டும் செலவைக் கணக்கிடும் தாளிலேயே இந்த ஆண்டுச் செலவுக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதை யார் செய்வது என்று பெயரையும் எழுதிவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெயர் பேசப்படாமலே வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்துவிடுகிறது.

அண்டைவீட்டாரின் பங்கு குறளின் ஐந்தில் தனியாக இல்லை. விருந்து, சுற்றம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ அவர்கள் இருக்கிறார்கள். பண்டமாரானில் ஒரே நடுமதிலின் இருபுறமும் சாம்பிராணியும் ஊதுவத்தியும் புகைகின்றன. ஒருவர் மதிலை உயர்த்தினால் மற்றவர் பீடத்துக்குக் காற்று போகாது, ஒருவர் கூரையை நீட்டினால் மற்றவர் வானத்துத் தெய்வத்துக்கு வானம் மறையும். வரைபடத்தை மாநகர் மன்றத்துக்குக் கொண்டுபோவதற்குமுன் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வருவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.